சேனல் தீவுகளின் பொன்னாங்கழுகுகள்: 44 பறவைகளின் இடமாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் தென்கரைக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலில் அமைந்த சேனல் தீவுகளில், 1990களின் நடுவில் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள், அங்கு மட்டுமே வாழும் தீவு நரிகள் ஏறக்குறைய அற்றுப்போயின. அவற்றைக் கொன்றது பொன்னாங்கழுகு. அதுவும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. காக்கப்பட வேண்டிய ஓர் உயிர் காக்கப்பட வேண்டிய இன்னோர் உயிரை உண்டு தீர்க்கும்போது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற கேள்விக்கு அங்கு பணியாற்றிய உயிரியலாளர்கள் விடை தேடிய முறையை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பணியில் இருந்தவர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை; அவர்கள் எடுத்த முடிவுகளும் அம்முடிவுகளின் வரிசையுமே நமக்குப் பாடம்.

பின்னணி: தீவுகளும் இரண்டு கழுகுகளும்

தீவு நரி ஆறு சேனல் தீவுகளில், தீவுக்கு ஒன்றாக ஆறு துணையினங்களாக வாழ்கிறது. வளர்ந்த நரியின் எடை ஏறக்குறைய 2 கிலோ. வீட்டுப் பூனையின் அளவுதான் இருக்கும். தனக்கு எதிரியே இல்லாத நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததால், வெயில் நேரத்திலும் திறந்தவெளியில் அச்சமின்றித் திரியும் பழக்கம் அதற்கு உண்டு. வானத்திலிருந்து வரும் ஆபத்தைக் கண்டு பதுங்க வேண்டிய தேவை அதற்கு எப்போதும் இருந்ததில்லை.

இந்த நிகழ்வில் இடம்பெறும் இரண்டு கழுகுகளும் ஒரே கண்டத்தில், ஏறக்குறைய ஒரே உருவ அளவில் வாழ்ந்தாலும், வாழ்க்கை முறையில் வெகுவாக வேறுபட்டவை. வெண்தலைக் கழுகு கடற்கழுகு வகையைச் சேர்ந்தது. அதன் காலின் கீழ்ப்பகுதியில் இறகுகள் கிடையாது. மீன், நீர்ப்பறவை, கரையொதுங்கிய உயிரினங்களின் உடல் ஆகியவையே அதன் முதன்மை உணவு. பொன்னாங்கழுகுக்கு விரல்களின் அடிவரை காலில் இறகு மூடியிருக்கும். இரண்டு மீட்டர் அளவுக்கு விரியும் சிறகுகளுடன் திறந்த நிலத்தின் மீது தாழப் பறந்து, முயல், தரையணில் போன்ற பாலூட்டிகளைப் பிடித்து உண்பதில் அது தேர்ந்தது. இரண்டுமே ஓர் இணையாக ஒரு பரப்பைப் பிடித்துக்கொண்டு, பிற கழுகுகளை அங்கிருந்து விரட்டி, ஆண்டுதோறும் அதே கூட்டுக்குத் திரும்பும் இயல்புடையவை. இரண்டுமே முதிர்ச்சி அடைய நான்கைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அதுவரை இளம் பறவைகள் நிலையான இடமின்றி வெகுதொலைவு அலைகின்றன. இந்த அலைச்சல் காலம் பின்னர் சொல்லப்போகும் பல முடிவுகளுக்கு அடிப்படையாக இருந்தது.

சேனல் தீவுகள் நெடுங்காலமாக வெண்தலைக் கழுகின் இடமாகவே இருந்தன. சான் மிகெல் தீவிலுள்ள பழைய கூடு ஒன்றில் கிடைத்த எலும்புகளில் மீன்களும் கடற்பறவைகளும் மிகுந்திருந்தன. 1940களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இயங்கிய ஒரு பூச்சிக்கொல்லி ஆலையின் டி.டி.டி. கழிவு, நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் வழியாகக் கடலில் கலந்தது. அந்த வேதிப்பொருள் சிதைந்து உண்டாகும் டி.டி.இ. கொழுப்பில் தங்கும், மீனிலிருந்து மீனுண்ணிக்குச் செல்லும்போது பன்மடங்கு அடர்த்தியாகும், பறவையின் உடலில் முட்டை ஓட்டுக்குச் சேர வேண்டிய கால்சியத்தைத் தடுக்கும். ஓடு மெலிந்த முட்டைகள், அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் உடைந்தன. கொலைகளும் முட்டைத் திருட்டும் ஏற்கெனவே குறைத்திருந்த வெண்தலைக் கழுகு, 1960களின் தொடக்கத்துக்குள் இத்தீவுகளிலிருந்து முற்றாக மறைந்தது.

இன்னொரு மாற்றம் அதற்கும் முந்தையது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் ஆடுகளையும் பன்றிகளையும் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சான்டா க்ரூஸ் தீவில் பன்றிகள் 1850களிலிருந்தே கட்டுப்பாடின்றிப் பெருகின. ஆடுகள் புதர்களை மேய்ந்து தீர்த்ததால் நரிகள் ஒதுங்குவதற்கான மறைவிடங்கள் குறைந்து, நிலத்தின் பெரும்பகுதி புல்வெளியாக மாறியது. பொன்னாங்கழுகுக்கு வேட்டையாட ஏற்ற நிலம் அவ்வாறு உருவாகியிருந்தது. ஆனால் அது அங்கு வந்து கூடு கட்டியதற்கான பதிவு 1990களுக்கு முன்பு இல்லை.

முதலில் தெரிந்தவை: 1993 முதல் 1998 வரை

ஆண்டுதோறும் கூண்டுப்பொறி வைத்து நரிகளைப் பிடித்து, அடையாளமிட்டு விடுவித்து எண்ணிக்கையை மதிப்பிடும் பணி 1993 முதல் சேனல் தீவுகள் தேசியப் பூங்காவின் தீவுகளில் முறையாக நடந்துவந்தது. சான் மிகெல் தீவில் 1994இல் ஏறக்குறைய 450 வளர்ந்த நரிகள் இருந்தன. 1999இல் 15 மட்டுமே எஞ்சின. சான்டா ரோசா தீவில் 1,700க்கும் மேல் இருந்த நரிகள் 2000ஆம் ஆண்டுக்குள் 15ஆகக் குறைந்தன. சான்டா க்ரூஸ் தீவில் 1,400ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கியது.

இந்த எண்ணிக்கைகள் சரிவைத் துல்லியமாகக் காட்டின, காரணத்தைக் காட்டவில்லை. பொறியில் சிக்காத நரி இறந்துவிட்டதா, இடம் மாறிவிட்டதா, இறந்திருந்தால் எதனால் என்பதை அந்த முறையால் சொல்ல இயலாது. எனவே முதலில் நோயின் மீது ஐயம் எழுந்தது இயற்கையே. இதயப்புழு தாக்கியதற்கான அடையாளங்கள் நரிகளின் இரத்த மாதிரிகளில் பரவலாகத் தெரிந்தன. தெற்கே சான்டா கேட்டலினா தீவில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயே நரிகளைக் கொன்றது 1999இல் உறுதியானது. ஆகவே சான் மிகெல், சான்டா ரோசா, சான்டா க்ரூஸ் ஆகிய வடதீவுகளிலும் நோய்தான் காரணம் என்று எண்ணுவதில் தவறில்லை.

ஆனால் சான்டா க்ரூஸ் தீவில் 1993க்கும் 1995க்கும் இடையே நரிகளை ஆய்ந்த குழுவிடம் வேறொரு தடயம் இருந்தது. அவர்கள் கண்டெடுத்த உடல்களில் பெரும்பாலானவை பெரிய வேட்டைப் பறவையால் உண்ணப்பட்டவை. தோல் உட்புறம் வெளியே வருமாறு உரிக்கப்பட்டிருந்தது. விலா எலும்புகள் நறுக்கப்பட்டிருந்தன. மண்டையோட்டிலும் தோள்பட்டையிலும் நகங்கள் பதிந்த துளைகள் இருந்தன. நோயால் மடிந்த உடலைப் பின்னர் பறவை தின்றிருக்கலாம் என்ற மறுப்புக்கு இடமிருந்தது. ஆயினும் தோலடியில் இரத்தம் கசிந்து உறைந்திருந்தால், காயம்பட்டபோது அந்த விலங்கு உயிரோடு இருந்தது என்பது உறுதி. பிரேதப் பரிசோதனையில் இந்த ஒரு குறிப்பு எத்தனை முக்கியமானது என்பதை இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கழுத்துப்பட்டை தந்த விடை: 1998–1999

1998இன் இறுதியில் சான் மிகெல் தீவில் எஞ்சிய நரிகளில் சிலவற்றுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்தப்பட்டது. இந்தக் கருவியில் ஓர் அசைவு உணரி உண்டு. விலங்கு சில மணி நேரம் அசையாமல் இருந்தால், கருவி அனுப்பும் ரேடியோ துடிப்பின் வேகம் மாறும். கேட்பவர் அதை வைத்து மரணத்தை அறிந்து, உடல் அழுகுவதற்குள் அவ்விடம் சென்று சேரலாம். நரிகளின் நடமாட்டத்தை அறிவதைவிட, இறப்பின் காரணத்தை அறிவதற்கே இந்தப் பட்டைகள் பயன்பட்டன.

சில மாதங்களுக்குள் பட்டை அணிந்த நரிகளில் ஏறக்குறைய பாதி பொன்னாங்கழுகால் கொல்லப்பட்டிருந்தன. இறகுகளும் எச்சமும் உடலின் அருகிலேயே கிடைத்தன. 1999இல் சான்டா க்ரூஸ் தீவில் பொன்னாங்கழுகின் கூடு கண்டறியப்பட்டது. கூட்டில் பன்றிக்குட்டிகளின் எலும்புகளோடு நரியின் எலும்புகளும் இருந்தன. வழிதவறி வந்து போகும் பறவைகள் என்று கருதப்பட்டவை, உண்மையில் தீவிலேயே குஞ்சு பொரித்து வாழும் ஒரு கூட்டமாக ஆகிவிட்டன என்பது அப்போதுதான் தெளிவானது.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சான் மிகெல் தீவில் பன்றிகளே இல்லை. பொன்னாங்கழுகின் கூடும் இல்லை. ஆனாலும் அங்கே நரிகள் கழுகால் மடிந்தன. பக்கத்துத் தீவுகளில் வாழ்ந்த பறவைகள் சில கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து வேட்டையாடின. பரந்த நீர்ப்பரப்பின் மேல் வெப்பக் காற்றோட்டம் எழாது என்பதால், அக்காற்றோட்டத்தில் மிதந்து பறக்கும் பொன்னாங்கழுகு பொதுவாகக் கடலைத் தவிர்க்கும். குறுகிய நீர்ப்பரப்பு அதற்குத் தடையாக இருக்கவில்லை. ஒரு தீவின் சிக்கலை அந்தத் தீவுக்குள் மட்டும் தேடியிருந்தால், சான் மிகெலில் விடை கிடைத்திருக்காது.

பன்றி எப்படிக் காரணமானது

வேட்டை விலங்கு இரையைத் தின்று குறைத்தால், உணவின்றித் தானும் குறையும், இரை மீளும். இயற்கையில் வழக்கமாக நடப்பது இது. சான்டா க்ரூஸ் தீவில் இந்தச் சமநிலை உடைந்ததற்குக் காரணம் பன்றிகள். அவை ஆண்டின் எல்லாப் பருவத்திலும் குட்டி ஈன்றன. ஒரு கழுகு தூக்கிச் செல்லும் அளவிலான பன்றிக்குட்டிகள் எந்த மாதத்திலும் கிடைத்தன. எனவே நரிகள் எத்தனை குறைந்தாலும் கழுகுகள் பட்டினி கிடக்கவில்லை. பன்றியை நம்பி வாழ்ந்து, எதிர்ப்படும் நரியையும் எடுத்துக்கொண்டன. பன்றி ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈன்று இழப்பை ஈடுகட்டியது. ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று குட்டிகளை மட்டும் ஈனும் நரியால் அது இயலவில்லை. 2001இலும் 2002இலும் வெளியான ஆய்வுகள் இந்தத் தொடர்பைக் கணித முறையில் விளக்கின. நரிகள் குறைந்ததும், அவற்றோடு உணவுக்குப் போட்டியிட்ட புள்ளி ஸ்கங்குகள் எனும் சிறு பாலூட்டிகள் பெருகியதும் அதே விளக்கத்துக்குப் பொருந்தியது. ஸ்கங்குகள் இரவில் நடமாடுபவை. பகலில் வேட்டையாடும் கழுகிடம் அவை அதிகம் சிக்கவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

1999இல் தேசியப் பூங்கா நிர்வாகம் பல துறை வல்லுநர்களைக் கூட்டியது. அவர்கள் முன் இருந்த வழிகள் நான்கு: எஞ்சிய நரிகளை அடைப்பில் வைத்துப் பெருக்குவது, பொன்னாங்கழுகுகளை அகற்றுவது, பன்றிகளை ஒழிப்பது, வெண்தலைக் கழுகுகளை மீண்டும் குடியமர்த்துவது. நான்கும் தேவை என்பதில் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. எது முன்னால், எது பின்னால் என்பதே உண்மையான சிக்கல்.

முதலாவதாக, நரிகள் உடனே அடைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. சான் மிகெல் தீவில் 14 நரிகள் பிடிக்கப்பட்டன. ஒரு பெண் நரி மட்டும் 2003 வரை பிடிபடாமல் வெளியே தனியாக வாழ்ந்தது. 2000இல் சான்டா ரோசாவிலும், 2002இல் சான்டா க்ரூஸிலும் இதே முயற்சி தொடங்கியது. ஒவ்வொரு தீவின் நரியும் தனித் துணையினம் என்பதால் அவற்றை ஒன்றாகக் கலக்கவில்லை. கலந்திருந்தால் எண்ணிக்கை விரைவாகக் கூடியிருக்கும். ஆனால் காக்க நினைத்தது கைவிட்டுப் போயிருக்கும். அந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இரண்டாவது முடிவு கடினமானது. பன்றிகளே அடிப்படைக் காரணம் என்றால் அவற்றை முதலில் ஒழிப்பதுதானே முறை என்று தோன்றும். ஆனால் பன்றிகள் திடீரென்று மறைந்தால், பசித்த கழுகுகள் எஞ்சிய நரிகளை நோக்கித் திரும்பும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். ஆகவே கழுகுகள் முதலில் அகற்றப்பட வேண்டும், பன்றிகள் பிறகு. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, இடமாற்றம் போதாதெனில் கழுகுகளைக் கொல்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டது. அமெரிக்காவின் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் 1940இல் வெண்தலைக் கழுகுக்காக இயற்றப்பட்டு, 1962இல் பொன்னாங்கழுகையும் சேர்த்துக்கொண்டது. உயிரோடு பிடித்து வெகுதொலைவில் விடுவது என்ற முடிவே நிலைத்தது. அறத்தின் பக்கமிருந்தும் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பொன்னாங்கழுகு தன் இயல்புப்படி வேட்டையாடியது. தீவைச் சீரழித்தவர்கள் மனிதர்கள்.

கழுகுகளைப் பிடித்ததும் பின்தொடர்ந்ததும்

1999 நவம்பரில் தொடங்கிய பிடிப்புப் பணி 2006 கோடை வரை நீண்டது. வளர்ந்த பறவைகளும் குஞ்சுகளுமாக 44 பொன்னாங்கழுகுகள் தீவுகளிலிருந்து அகற்றப்பட்டன. தொடக்கத்தில் இரையைக் கிடத்தி, தொலைவிலிருந்து இயக்கப்படும் வில்வலையால் மூடிப் பிடிக்கும் முறை பயன்பட்டது. எளிதில் ஏமாறும் பறவைகள் முதலில் சிக்கின. போகப்போக எஞ்சியவை, பொறியைப் பார்த்தோ கூட்டாளி பிடிபட்டதைக் கண்டோ எச்சரிக்கை அடைந்தவை. கடைசிச் சில இணைகளுக்காக ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசும் துப்பாக்கியைக் கையாள வேண்டியதாயிற்று. கூடுகளைக் கண்டறிந்து குஞ்சுகளை அகற்றுவதும் இணைந்தே நடந்தது. குஞ்சுள்ள காலத்தில்தான் ஓர் இணையின் இரைத் தேவை உச்சத்தில் இருக்கும், நரிகளின் இழப்பும் அதற்கேற்பக் கூடும்.

பிடிபட்ட பறவைகள் கலிபோர்னியாவின் வடகிழக்குப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு விடுவிக்கப்பட்டன. இங்கே ஒரு நியாயமான அச்சம் இருந்தது. தன் பரப்பை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் பறவை, பல நூறு கிலோமீட்டர் கொண்டுசென்று விட்டாலும் திரும்பிவர முயலும் என்பதற்குப் பிற நாடுகளிலும் பிற கழுகினங்களிலும் சான்று உண்டு. திரும்பினால் முயற்சி முழுவதும் வீண். எனவே முதலில் இடமாற்றப்பட்ட பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் அலைபரப்பிகள் பொருத்தப்பட்டன.

இந்தக் கருவி பற்றிச் சில சொற்கள். அலைபரப்பியும் அதைக் கட்டும் பட்டையும் சேர்ந்து பறவையின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. சிறகசைவைத் தடுக்காமலும் தோலை உரசாமலும் இருப்பதற்காக டெஃப்லான் நாடாக்களால் பையைப்போல் முதுகில் கட்டுவார்கள். அக்காலத்து அலைபரப்பிகள் அனுப்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு செயற்கைக்கோள் இருப்பிடத்தைக் கணித்தது. பிழை சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை இருக்கும். கழுகு எந்த மரத்தில் அமர்ந்தது என்று அறிய அது போதாது. ஆனால் கேள்வி அதுவல்ல. கடலைக் கடந்து தீவுக்குத் திரும்பியதா இல்லையா என்ற கேள்விக்கு அந்தத் துல்லியம் முழுமையாகப் போதும். கருவியைக் கேள்விக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்த இந்தத் தெளிவு பாராட்டத்தக்கது.

விடை ஐயமின்றி வந்தது: பின்தொடரப்பட்ட பறவைகள் எவையும் தீவுகளுக்குத் திரும்பவில்லை. அந்தச் சான்று கிடைத்த பிறகே எஞ்சிய பறவைகளையும் அதே வழியில் அகற்றும் முடிவு உறுதிப்பட்டது.

2003: முன்கூட்டிய விடுவிப்பு

பெரும்பாலான கழுகுகள் அகற்றப்பட்டுவிட்ட நிலையில், 2003இன் இறுதியில் சான்டா க்ரூஸ் தீவில் அடைப்பில் வளர்ந்த ஒன்பது நரிகள் விடுவிக்கப்பட்டன. அடைப்பில் நரிகள் பெருகிவிட்டன; அவற்றை நெடுங்காலம் வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு; தீவில் எஞ்சிய கழுகுகளோ மிகச் சிலவே. முடிவுக்கான காரணங்கள் வலுவானவை.

சில வாரங்களுக்குள் அவற்றில் ஐந்து கழுகுகளால் கொல்லப்பட்டன. எஞ்சியவை மீண்டும் பிடிக்கப்பட்டு அடைப்புக்குத் திரும்பின.

ஒவ்வொரு நரியும் கழுத்துப்பட்டை அணிந்திருந்ததால்தான் இழப்பு சில வாரங்களிலேயே தெரிந்தது. பட்டை இல்லாமல் விடுவித்திருந்தால், அடுத்த கோடையில் பொறி வைக்கும் வரை எவருக்கும் தெரிந்திருக்காது. அதற்குள் இன்னும் பல நரிகள் விடுவிக்கப்பட்டிருக்கும். கூடவே ஓர் உயிரியல் உண்மையும் புலப்பட்டது. நரிகள் மிகக் குறைந்த நிலையில், கழுகுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பொருளற்றுப் போகிறது. ஓர் இணையே போதும். பத்தில் ஒன்பது கழுகுகளை அகற்றினால் ஆபத்து பத்தில் ஒன்றாகக் குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. 2004 மார்ச்சில் நான்கு தீவுகளின் நரிகள் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்டன. கடைசிக் கழுகுகளைத் தேடும் பணி தீவிரமடைந்தது.

பன்றிகளின் ஒழிப்பு: 2005–2006

சான்டா க்ரூஸ் தீவு வேலிகளால் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பொறிகள், ஹெலிகாப்டர், பயிற்சி பெற்ற நாய்கள், இறுதிக் கட்டத்தில் ரேடியோ பட்டை அணிவித்து விடப்பட்டுத் தம் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் பன்றிகள் என வழிமுறைகள் அடுத்தடுத்து மாறின. 411 நாள்களில் 5,036 பன்றிகள் கொல்லப்பட்டன. விலங்குகளைக் கொல்வதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். அவர்களின் வேதனை பொய்யானதல்ல. ஆயினும் மெதுவாகவும் பாதியாகவும் நடக்கும் ஒழிப்பு, பிறந்துகொண்டே இருக்கும் பன்றிகளை முடிவின்றிக் கொல்வதாகவே அமையும். கழுகுகளுக்கு உணவும் தொடர்ந்து கிடைக்கும். ஒரே முறை, விரைவாக, முழுமையாக என்ற முடிவில் கொடுமையின் மொத்த அளவும் குறைவே.

சான்டா ரோசா தீவில் பன்றிகள் 1990களின் தொடக்கத்திலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அங்கே வேட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட மான்களும் எல்க் எனும் பெரிய மான் வகையும் இருந்தன. மான்குட்டிகள் பொன்னாங்கழுகுக்கு இரையாயின. அவை 2011 வாக்கில்தான் அகற்றப்பட்டன.

வெண்தலைக் கழுகின் திரும்புகை

2002 முதல் 2006 வரை 61 இளம் வெண்தலைக் கழுகுகள் சான்டா க்ரூஸ் தீவில் விடுவிக்கப்பட்டன. பறக்கக் கற்கும் முன்பே குஞ்சுகளை உயரமான கோபுரக் கூடுகளில் வைத்து, மனிதரைப் பார்க்காதவாறு உணவளித்து, சிறகு முதிர்ந்ததும் கதவைத் திறந்துவிடும் முறை இது. முதன்முதலில் சிறகடித்த இடத்தையே கழுகு தன் பிறந்த மண்ணாகக் கொள்ளும். அலைந்து திரிந்து முதிர்ந்தபின் கூடு கட்ட அங்கேயே திரும்பும். இந்த இயல்பை நம்பியே முழுத் திட்டமும் அமைந்தது. சூரிய ஒளியில் இயங்கும் ஜி.பி.எஸ். அலைபரப்பிகள் அப்பறவைகளைப் பின்தொடர்ந்தன. பல பறவைகள் பெருநிலத்துக்குச் சென்று வெகுதொலைவு அலைந்தன. அவற்றில் ஒரு பகுதி தீவுக்குத் திரும்பியது.

உண்மையான ஐயம் முட்டையைப் பற்றியது. கேட்டலினா தீவில் 1980இல் தொடங்கிய முந்தைய முயற்சியில் பறவைகள் உயிர்வாழ்ந்தன, முட்டையிட்டன. ஆனால் கடலடி மண்ணில் தங்கிய டி.டி.இ.யால் முட்டைகள் உடைந்தன. பல ஆண்டுகள் முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்துச் செயற்கையாகப் பொரித்துக் குஞ்சுகளைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. வடதீவுகளிலும் அதுவே நேருமா என்பதற்கு 2006இல் விடை கிடைத்தது: சான்டா க்ரூஸ் தீவில், மனித உதவியின்றி, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஒரு வெண்தலைக் கழுகுக் குஞ்சு பொரிந்தது. மறு ஆண்டு கேட்டலினாவிலும் இயற்கையாகக் குஞ்சுகள் பொரிந்தன.

வெண்தலைக் கழுகுகள் திரும்பியதால்தான் பொன்னாங்கழுகுகள் வரவில்லை என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. பரப்பைக் காக்கும் இணைகள் புதிய வரவுகளை விரட்டக்கூடும் என்பது பொருத்தமான கருத்தே. ஆனால் காலவரிசையைப் பார்த்தால், பொன்னாங்கழுகுகள் அகற்றப்பட்டு முடிந்த ஆண்டில்தான் வெண்தலைக் கழுகின் முதல் கூடு வெற்றி பெற்றது. பன்றிகள் இல்லாத தீவில் பொன்னாங்கழுகை ஈர்க்கும் உணவும் இல்லை. இரண்டு காரணங்களும் ஒரே காலத்தில் செயல்பட்டதால், எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துச் சொல்ல இந்த நிகழ்விலிருந்து இயலாது. வேறோர் இடத்தில் வெண்தலைக் கழுகை மட்டும் விடுவித்து இதே பலனை எதிர்பார்ப்பது பிழையாகும்.

விளைவு

கழுகுகளின் அழுத்தம் நீங்கியதும், விடுவிக்கப்பட்ட நரிகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் உயிர்வாழத் தொடங்கின. 2008க்குள் அடைப்புகள் தேவையற்றுப்போய் மூடப்பட்டன. 2015 வாக்கில் சான் மிகெலில் ஏறக்குறைய 700, சான்டா ரோசாவில் 1,200, சான்டா க்ரூஸில் 2,100 நரிகள் இருந்தன. 2016 ஆகஸ்டில் மூன்று வடதீவுத் துணையினங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பட்டியலில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பாலூட்டி மீண்டது அந்தச் சட்டத்தின் வரலாற்றில் அதுவரை காணாத வேகம். ஒரு காலத்தில் பதினைந்தாக நின்ற ஓர் இனத்தைப் பற்றி இப்படி எழுத முடிவதில் எனக்கு உள்ள மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

குறை ஒன்று நிலைத்திருக்கிறது. பதினான்கு, பதினைந்து விலங்குகளிலிருந்து பெருகிய கூட்டத்தின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. ஒரு புதிய நோய் நுழைந்தால் அதைத் தாங்கும் வலிமை எல்லா நரிகளிடமும் ஒருசேர இல்லாமல் போகலாம்.

மறுமுறை மாற்ற வேண்டியவை

முதலில், கழுத்துப்பட்டை முன்னரே வந்திருக்க வேண்டும். 1993–95இல் கழுகால் உண்ணப்பட்ட உடல்கள் கிடைத்தபோதே ஒவ்வொரு தீவிலும் சில நரிகளுக்குப் பட்டை அணிவித்திருந்தால், காரணம் தெரிவதற்கும் நரிகள் பதினைந்தாகக் குறைவதற்கும் இடையே ஆண்டுகள் கிடைத்திருக்கும். எண்ணிக்கைக் கணக்கெடுப்பும் இறப்புக் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. முன்னது எத்தனை என்று சொல்லும். பின்னது ஏன் என்று சொல்லும்.

விடுவிப்புக்கான அளவுகோல், எஞ்சிய கழுகுகளின் எண்ணிக்கையாக இருக்கக் கூடாது. முதலில் விடுவிக்கும் சில நரிகளின் உயிர்வாழும் விகிதமாக இருக்க வேண்டும். அந்த விகிதம் எட்டப்படும்வரை அடுத்த தொகுதியை நிறுத்திவைப்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. நெருக்கடியில் கூடும் குழுவுக்கு அந்த முடிவை எடுப்பது கடினம்.

கடைசிக் கழுகுகளுக்கான முறைகளைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். வில்வலையில் தப்பிய பறவை மறுமுறை அதன் அருகே வராது. ஆகவே கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பறவையைப் பிடிக்கும் இடத்தில், தோல்வியுறும் ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததைக் கடினமாக்குகிறது. உறுதியான முறையை முதலில் பயன்படுத்துவது செலவு கூடினாலும் சரியானது. கூடு தேடும் பணியும் முதல் குளிர்காலத்திலிருந்தே பிடிப்புப் பணியோடு இணைந்து நடக்க வேண்டும்; ஒவ்வொரு பருவத்திலும் பறந்துசெல்லும் குஞ்சு, நான்கைந்து ஆண்டுகளில் தனக்கென ஒரு பரப்பைத் தேடி அதே தீவுகளுக்குத் திரும்பக்கூடும்.

இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாடு, இந்தத் திருத்தங்களில் முதலாவதை ஏற்கெனவே உள்ளடக்கியது. ஒவ்வொரு தீவிலும் நரிகளில் ஒரு பகுதி எப்போதும் இறப்பு உணரியுள்ள பட்டையை அணிந்திருக்கிறது. ஒரு பகுதிக்கு டிஸ்டெம்பருக்கும் வெறிநோய்க்கும் எதிராகத் தடுப்பூசி இடப்படுகிறது. துடிப்பு மாறியதும் உடல் எடுக்கப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. கழுகால் நேர்ந்த இறப்பு என்று தெரிந்தால், அந்தப் பறவை கூடு கட்டுவதற்குள் பிடிப்புக் குழு தீவுக்குச் செல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்தக் கண்காணிப்புக்கான நிதி, இனம் பட்டியலிலிருந்து நீங்கிய பின்பும் ஆண்டுதோறும் தொடர்வதே மீதமுள்ள பணி.